என் காதுக்கு எசமான் யார்?

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரே வேளையில் நாலைந்து மென்பொருள்கள் ஒலி எழுப்புகின்ற காலம் இது. ஒருபுறம் பாட்டு, இன்னொரு புறம் செய்திக் காணொளி, நடுவிலே தொலைபேசி உரையாடல், அதற்கும் மேலே மின்னஞ்சல் வந்த மணியோசை. இத்தனையையும் அடக்கி ஆள்வதற்குப் பெரும்பாலான கருவிகளில் நம் கையில் தரப்பட்டிருப்பதோ ஒரேயொரு ஒலியளவுப் பொத்தான். ஒன்றைக் குறைக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்லும் ஏற்பாடு இது என்பேன்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா? நாட்டில் எழுதுவதற்கு வேறு விடயம் இல்லையா?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். எதை வாசிப்பது, எதைத் தாண்டிச் செல்வது என்று தீர்மானிக்கும் உரிமை வாசகனுக்கே உரியது என்ற நம்பிக்கையில் பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் நான். பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்தாலும் பக்கத்தைப் புரட்டும் விரல் வாசகனுடையது. ஒலியில் அந்த விரல் பறிக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. ஆகவே காதின் உரிமையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை கண்ணின் உரிமையை விட அதிகம்.

முதலில் தொழில்நுட்பம் பற்றி இரண்டு வார்த்தை. இது கடினமான வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணினியில் ஒலி என்பது எண்களின் ஓட்டம். ஒரு வினாடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள் என்பது வழமையான கணக்கு. ஒவ்வொரு மென்பொருளும் தன் எண்களை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இயங்குதளம் அவற்றையெல்லாம் கூட்டி ஒன்றாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஒரு மென்பொருளின் சத்தத்தை மாத்திரம் பாதியாக்க வேண்டுமா? கூட்டுவதற்கு முன்னர் அதன் எண்களை அரையால் பெருக்கினால் போதும். வினாடிக்கு நூறு கோடிக் கணக்கில் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு நாற்பத்தெட்டாயிரம் பெருக்கல் எம்மாத்திரம்?

ஆனால் ஒன்று. கூட்டி முடித்த பின்னர் பிரித்தெடுப்பது பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போன்றது. எனவே இந்தக் கட்டுப்பாட்டுக்கு உரிய இடம் கலப்பதற்கு முந்திய கட்டம்தான். அந்தக் கட்டம் இயங்குதளத்தின் வசம் இருக்கிறது. ஆகவே பொறுப்பும் அதனுடையதே. வானொலி நிலையக் கலையகங்களில் ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருப்பதை ஒலிபரப்புத் துறை நண்பர்கள் அறிவார்கள். ஒலிபரப்புகின்றவனுக்கு என்றோ கிடைத்த வசதியைக் கேட்கின்றவனுக்குக் கொடுக்கத்தான் இத்தனை தயக்கம்.

வரலாற்றைப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் ஒலியளவுப் பட்டைகள் பல இருந்தன. ஆனால் அவை மென்பொருள்களின்படி அல்ல, ஒலி வரும் வழிகளின்படி பிரிக்கப்பட்டிருந்தன. இறுவட்டுக்கு ஒன்று, வெளி இணைப்புக்கு ஒன்று, மற்ற மென்பொருள்களின் ஒலியெல்லாம் 'வேவ்' என்ற ஒரே பட்டைக்குள். 2007 ஜனவரியில் பொதுப் பாவனைக்கு வந்த விஸ்டாவில்தான் மைக்ரோசொப்ட் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிப் பட்டை கொடுத்தது. விஸ்டாவைத் திட்டித் தீர்த்த உலகம் இந்த ஒரு நன்மைக்காகவேனும் அதற்கு நன்றி சொல்லியிருக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் லினக்ஸ் உலகில் ஃபெடோரா 8 பல்ஸ்ஓடியோவை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு ஏப்ரலில் உபுண்டு 8.04 பின்தொடர்ந்தது. அங்கும் மென்பொருளுக்கு ஒரு பட்டை என்பது நடைமுறையாயிற்று.

அப்பிள் நிறுவனத்தின் நிலை என்ன? 2024 இல் வெளிவந்த மக்ஓஎஸ் செக்கோயாவிலும் இயங்குதளத்தோடு சேர்ந்த வசதியாக இது வரவில்லை. விஸ்டா வந்து பதினேழு ஆண்டுகள் கழித்தும் நிலைமை இதுதான். வேண்டியவர்கள் சவுண்ட்சோர்ஸ் போன்ற பிறர் தயாரித்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கலாம், அல்லது இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றைத் தேடிப் பொருத்தலாம். வெளியார் செய்து காட்டுவதை வீட்டுக்காரர் செய்ய முடியாது என்று எப்படி நம்புவது?

ஐபோனின் கதை இன்னும் சுவையானது. அதன் உலாவியில் ஓர் இணையப் பக்கம் தன் காணொளியின் ஒலியளவைத் தானாக மாற்ற முடியாதபடி அப்பிள் தடுத்தது. ஒலியளவு எப்போதும் பாவனையாளரின் கைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அருமையான கொள்கை! மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கைக்குள் என்ன கொடுத்தார்கள்? அழைப்பு மணிக்கு ஓர் அளவு, மற்றவற்றுக்கு ஓர் அளவு. பாட்டுச் செயலியும் விளையாட்டுச் செயலியும் ஒரே அளவுக்குள் அடைபட வேண்டும். கொள்கையைச் சொன்னவர்களே அதைப் பாதி வழியில் விட்டுவிட்டார்கள்.

அன்ட்ரொயிட் சற்றுத் தேவலை. அழைப்பு, மணி, அலாரம், ஊடகம் என்று வகைக்கு ஒன்றாகப் பிரித்திருக்கிறது. எனினும் ஊடகம் என்ற வகைக்குள் வரும் செயலிகள் அனைத்தும் ஒரே கயிற்றில் கட்டப்பட்ட மாடுகள். சாம்சங் நிறுவனம் தன் தொலைபேசிகளுக்குச் செயலிவாரியான கட்டுப்பாட்டை ஒரு துணைச் செயலி மூலம் கொடுத்திருக்கிறது. முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, இந்தப் பேச்சு வெறும் சொகுசு பற்றியதல்ல என்பதற்கு வருகிறேன்.

நான் நன்கறிந்த முன்னாள் ஒப்புநோக்காளர் ஒருவர் இருக்கிறார். ஈய எழுத்துக் காலத்திலிருந்து பிழை பார்த்த கண்கள் முதுமையில் ஒளி இழந்துவிட்டன. இன்று அவர் செய்தி 'வாசிப்பது' என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் குரல் வழியாக. 2006 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட இந்த இலவச மென்பொருள் தமிழையும் பேசுகிறது. அவர் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறக்கிறார். உடனே ஒரு காணொளி விளம்பரம் தானாக முழங்கத் தொடங்குகிறது. பார்வையுள்ளவர் நிறுத்தும் பொத்தானைக் கண்டு அழுத்திவிடுவார். அவரோ அந்தப் பொத்தான் எங்கே என்பதைத் திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். அந்தக் குரலையோ விளம்பரம் விழுங்கிவிட்டது. மொத்த ஒலியளவைக் குறைத்தால் விளம்பரத்தோடு சேர்ந்து அவருடைய கண்ணும் மூடிப்போகும்.

உலாவியின் ஒலியை மாத்திரம் குறைக்கும் பட்டை விண்டோஸில் இருப்பதால்தான் அவர் பிழைத்துக்கொள்கிறார். திரைவாசிப்பான் பேசும்போது மற்ற ஒலிகளைத் தாழ்த்தும் ஏற்பாடும் என்விடிஏயில் உண்டு. ஆனால் உலாவிக்குள்ளே மறுபடியும் அதே கதை. குரோமில் பத்துப் பக்கங்கள் திறந்திருந்தாலும் விண்டோஸின் கண்ணுக்கு அது ஒரே மென்பொருள், ஒரே பட்டை. பக்கத்தின் மேல் தட்டி அந்தத் தளத்தின் வாயை முற்றாக அடைக்கலாமே தவிர, குரலைத் தாழ்த்தச் சொல்ல முடியாது. கத்து அல்லது செத்துப்போ என்பது ஒரு தெரிவா?

2018 ஏப்ரலில் குரோம் 66 ஒலியோடு தானாக ஓடும் காணொளிகளைத் தடுத்தது உண்மை. ஆனால் விதிவிலக்கும் வைத்தது. நீங்கள் அடிக்கடி சென்று ஒலி கேட்கும் தளமானால், கணினியில் அதற்குத் தானாக முழங்கும் அனுமதி கிடைத்துவிடும். அதாவது விசுவாசமான வாசகனுக்கே தண்டனை. நமது தமிழ்ச் செய்தித் தளங்களின் நிர்வாகிகளைக் கேட்கிறேன்: தேடி வருகின்ற வாசகனை வாசலிலேயே அதட்டுவது எந்த ஊர் விருந்தோம்பல்?

ஒலியளவை மற்றவர் கையில் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தொலைக்காட்சியே சாட்சி. நிகழ்ச்சியை விட உரத்து ஒலித்த விளம்பரங்களை அடக்க அமெரிக்கா 2010 இல் சட்டமே இயற்ற நேர்ந்தது. 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. உரத்துக் கத்துகின்றவன் தானாகக் குரலைத் தாழ்த்தியதாக வரலாறு இல்லை.

கணினியே நமக்காகத் தீர்மானித்தால் போதாதா என்று கேட்போரும் உண்டு. 2009 இல் வந்த விண்டோஸ் 7, தொலைபேசி அழைப்பு வந்துவிட்டதாகக் கருதினால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. எண்ணம் நல்லதே. ஆனால் பாட்டு ஏன் திடீரென அமுங்கிப்போனது என்று தெரியாமல், எங்கோ ஒளிந்திருந்த அந்த அமைப்பைத் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர். பல்ஸ்ஓடியோவிலும் அக்காலத்தில் ஒரு முறை புகுந்தது. ஒரு மென்பொருள் தன் அளவை உச்சத்துக்கு உயர்த்தினால் கருவியின் மொத்த ஒலியளவும் கூடவே உயர்ந்துவிடும். காதணி மாட்டியிருப்பவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். உபுண்டு அந்த முறையை நிறுத்திவைத்தே வழங்கியது. மென்பொருள் வேண்டுகோள் விடுக்கலாம், ஆணையிடக் கூடாது என்பதே இதில் உள்ள பாடம்.

"பட்டைகள் பெருகினால் சாதாரண மக்கள் குழம்புவார்கள்" என்பது எஞ்சியிருக்கும் வாதம். குழப்பம் வேண்டாதவருக்கு ஒரே பொத்தான் முன்னால் இருக்கட்டும். வேண்டியவருக்கு அதன் பின்னால் ஒரு கதவு இருக்கட்டும். டிஸ்கோர்ட்டில் உரையாடும் இளைஞர்கள் ஒவ்வொரு நண்பரின் குரலையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள். கணினி விளையாட்டுகளில் இசைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, வெடியோசைக்கு ஒன்று என்று பட்டைகள் இருப்பது சர்வ சாதாரணம். விளையாடுகின்ற பிள்ளைக்கு விளங்குவது நமக்கு விளங்காது என்று தீர்மானித்தவர் யார்?

நான் கேட்பது மூன்று. செயலிவாரியான ஒலியளவு, தொலைபேசியாயினும் கணினியாயினும், இயங்குதளத்தின் பகுதியாகவே வரவேண்டும். உலாவியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வாய்ப்பூட்டு மாத்திரமல்ல, பட்டையும் வேண்டும். அவற்றைச் சுட்டி இன்றி விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஏனெனில், இவை யாருக்கு மிக அவசியமோ அவருக்குத் திரை தெரியாது.

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று பெருநிறுவனங்கள் இருக்கலாம். பாவனையாளராகிய நாம் கேட்காமல் அவர்கள் தரப்போவதில்லை. ஊதுகிற சங்கை ஊதிவைப்போம். எவ்வளவு உரத்து ஊதுவது என்பதையாவது நாமே தீர்மானிக்கலாம்.