சவுக்கைக் கைவிட்ட ஆசிரியர்

லியோ டால்ஸ்டாய் என்றவுடன் ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரேனினா’ என்னும் பெருநாவல்களே நம் நினைவுக்கு வருவன. அவர் ஒரு கிராமப் பள்ளியாசிரியராயும், வாழ்நாள் முழுதும் குதிரையேற்றத்தில் தணியாத வேட்கை உடையவராயும் இருந்தாரென்பதை எண்ணுவோர் சிலரே. அவ்வாசிரியரை உருவாக்கியதில் குதிரைக்கும் பங்குண்டு என்பது எனது துணிபு. நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் பலராதலின், இதனை ஈண்டு எடுத்துரைத்தல் பொருந்தும்.

1872இல் அவர் வெளியிட்ட ‘அரிச்சுவடி’யை ஒட்டிய சிறுவர் வாசிப்பு நூல்களில் தம் பாலியத்தைப் பற்றிய கதையொன்று உளது. இருபது வயதுக் கிழக்குதிரை ஒன்றின்மீது தமையன்மார் ஏறிக் களைப்பித்த பின்னர், சிறுவனும் ஏறினான். அது நகர மறுத்தது. தன் வீரத்தைக் காட்டும் பொருட்டுச் சவுக்கால் ஓங்கி ஓங்கி அடித்தான். பணியாள் அவனைத் தடுத்துக் குதிரையின் முதுமையையும் இளைப்பையும் எடுத்துக் கூறவே, சிறுவன் நாணி இறங்கி, அதன் கழுத்தில் முத்தமிட்டு மன்னிப்பு வேண்டினான். அவனை ஒருவரும் தண்டித்திலர் என்பதைக் கவனிக்க.

1859இல், மொஸ்கோவுக்குத் தெற்கே துலா மாகாணத்திலுள்ள தம் ஊராகிய யாஸ்நயா பொல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்கு அவர் பள்ளி தொடங்கினார். பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861இலேயாம். ஆகவே முதலில் வந்த பிள்ளைகள் அடிமைகளின் மக்கள். ஏறக்குறைய நாற்பதின்மர் பயின்றனர். வீட்டுவேலை இல்லை, புத்தகம் சுமந்து வருதல் இல்லை, பிரம்பும் இல்லை. அங்கு நிகழ்ந்ததொரு செய்தியை அவரே எழுதியுள்ளார். திருடிய மாணவனுக்கு என்ன தண்டனை என்பதை மாணவரிடமே விட்டார். ‘திருடன்’ என்றெழுதிய சீட்டொன்றை அவன் உடையில் தைக்க வேண்டுமென்றனர் அவர்கள். அவ்வாறே தைக்கப்பட்டது. சில காலத்தில் அவன் மீண்டும் திருடினான், மீண்டும் சீட்டு. அப்போது அச்சிறுவனின் முகத்தை நோக்கிய டால்ஸ்டாய், இவ்வாறு செய்யத் தமக்கு உரிமையில்லையென உணர்ந்து, சீட்டைக் கிழித்தெறிந்து அவனைப் போகவிட்டார். கிழக்குதிரையின் முன் நாணிய அதே சிறுவனைத்தான் இங்கும் காண்கின்றேன்.

1862இல், ‘எழுதுவதை யார் யாரிடம் கற்பது? குடியானவர் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா?’ என்னும் பொருள்பட அவர் எழுதிய கட்டுரை, ஆசிரிய கலாசாலை மாணவர் யாவரும் படிக்கத்தக்கது. அவ்வாண்டு கோடையில், அவர் ஊரில் இல்லாத வேளை பொலிஸார் அவர் வீட்டைச் சோதனையிட்டனர். பள்ளியும் நெடுநாள் நீடிக்கவில்லை.

‘பணமும் ஓய்வுமுள்ள பிரபுவுக்கு இது எளிது; ஒரு வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஐந்தாந்தரப் புலமைப் பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் நம் ஆசிரியர் என் செய்வர்?’ என்று வினவுவோருளர். நியாயமான வினாவே. புத்தகமும் வீட்டுவேலையும் இல்லாப் பள்ளியை இங்கே நடத்த முடியாதென்பதை நானும் ஒப்புவேன். எனினும் பிரம்பை ஓங்குமுன் பிள்ளையின் முகத்தை ஒருமுறை நோக்குதற்குப் பணமும் வேண்டாம், ஓய்வும் வேண்டாம். சுற்றறிக்கைகளால் விலக்கப்பட்ட பிரம்பு சில வகுப்பறைகளில் இன்னும் மேசையை விட்டகலவில்லை. அதனினுங் கொடிய சுடுசொல்லை விலக்கச் சுற்றறிக்கையாலும் இயலாது.

1886இல் வெளிவந்த ‘கொல்ஸ்தமேர்’ என்னும் கதையில், மனிதர் ‘என்னுடையது’ என்று கூறுவதன் பொருள் விளங்காது திகைக்கும் கிழக்குதிரை ஒன்றையே அவர் பேசவைத்தார். 1910இல் மறையும் ஆண்டிலும், எண்பத்திரண்டு வயதில், குதிரையேறிக் காட்டுவழி சென்றவர் அவர்.

அதே 1910இல் தென்னாபிரிக்காவில் காந்தியடிகள் ‘டால்ஸ்டாய் பண்ணை’யை நிறுவினார். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் அந்நாட்டிலேயே பிறந்தவர், தமிழெழுத்து அறியாதவர். போப்பையரின் கைந்நூலைத் துணைக்கொண்டு தாம் கற்ற சிறிது தமிழை அடிகள் அவர்களுக்குக் கற்பித்தார். அடங்காத மாணவன் ஒருவனை ஒருமுறை அடிமட்டத்தால் கையில் அடித்துவிட்டார். அடிக்கையிலே தாம் நடுங்கியதையும், அதற்காகப் பின்னும் வருந்தியதையும் தம் சுயசரிதையில் மறையாது எழுதியுள்ளார்.