கணனி சொன்னால் சரியா?



"கணனியே விடை சொல்லுதே, பிறகு ஏன் நாங்கள் யோசிக்கவேணும்?" என்று வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோராகிய எமக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. இம்முறை அந்தப் பதிலை ஒரு விளையாட்டுப் பலகையில் தேடுவோம்.

'கோ' சீனாவில் தோன்றி, கொரியாவிலும் யப்பானிலும் வளர்ந்த ஆட்டம். நெடுக்காக 19 கோடுகள், குறுக்காக 19 கோடுகள். அவை சந்திக்கும் 361 இடங்களில் ஒருவர் கறுப்புக் காயும் மற்றவர் வெள்ளைக் காயும் மாறி மாறி வைப்பார்கள். வைத்த காய் நகராது. எதிரி சுற்றி வளைத்தால் மட்டும் பலகையை விட்டுப் போகும். முடிவில் கூடுதலான இடத்தை வளைத்தவரே வென்றவர்.

1713ஆம் ஆண்டு யப்பானில் இனோவே டோசெட்சு இன்செக்கி என்னும் ஆசான் 'இகோ ஹட்சுயோரொன்' என்ற புதிர்த் தொகுப்பைச் செய்தார். அதன் 120ஆவது புதிர், கோ புதிர்களிலேயே மிகக் கடினமானது எனப் பேர்பெற்றது. கறுப்பு தொடங்கி வெல்லவேண்டும், கேள்வி அவ்வளவுதான். ஆனால் சண்டை பலகை முழுவதும் பரவுகிறது. நூறு காய்களுக்கு மேல் வைத்த பிறகே, அதுவும் சில புள்ளி வித்தியாசத்தில்தான், முடிவு தெரியவரும்.

2016இல் அல்பாகோ என்ற கணனி நிரல் கொரிய வீரர் லீ செடோலை 4-1 என வென்றது. இனி இந்தப் புதிரும் நொடியில் தீர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. பின்னர் வந்த வலிமையான நிரல்களும் இதில் தடுமாறின. காரணம் எளிது. அவை தம்முடன் தாமே ஆடிப் பழகியவை. இப்புதிரின் மூலையில் 'ஹனெசெக்கி' என்ற அபூர்வமான பிணைப்பு இருக்கிறது. வழமையான ஆட்டங்களில் அது வருவதே இல்லை எனலாம். பழகாததை அவை பிழையாக எடைபோட்டன. ஆனால் வெற்றி வாய்ப்பு இத்தனை வீதம் என்று உறுதியாகவே சொல்லின.

2019இல் டேவிட் வூ தமது கட்டாகோ நிரலை இந்தப் புதிரிலேயே ஏறக்குறைய ஒரு வாரம் பழக்கினார். அதன்பின்தான் அதற்குப் பிடிபட்டது. பல ஆண்டுகள் இப்புதிரோடு மல்லுக்கட்டிய ஆர்வலர்கள் கண்டிருந்த வழிகளில் பலவற்றை அதுவும் கண்டது; அவர்கள் காணாத சில இடங்களையும் காட்டியது. அந்த ஆர்வலர்களின் உழைப்பு இல்லாவிட்டால், நிரல் காட்டியதில் எது புதியது என்று எவருக்குத் தெரிந்திருக்கும்?

பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். முதலில் உன் விடையை எழுது. பிறகு கணனியைக் கேள். இரண்டும் வேறுபட்டால் அங்கேயே நில். "நான் இப்படிச் செய்தால் நீ என்ன செய்வாய்?" என்று அடுத்த கேள்வியைப் போடு. கோ ஆட்டக்காரர்கள் நிரலோடு அமர்ந்து ஆராய்வதும் இப்படித்தான்.

இன்னொன்று. புதிய நாட்டில் மொழி இன்னும் வசப்படாத பிள்ளைக்கும் பெரியவருக்கும் கோ பலகை நல்ல துணை. பல நகரங்களில் கோ கழகங்கள் உண்டு. அங்கே காய்களே பேசும். மொழி மெல்ல வந்து சேரும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.