கற்பிட்டித் தோட்டங்களின் இலாபக் கணக்கும் கிணற்று நீரும்

புத்தளக் கடனீரேரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் நிலம் மணற்பாங்கானது. மிளகாய், சின்ன வெங்காயம், பீற்றூட் முதலியவை இங்குக் கிணற்று நீரைக்கொண்டே பெரிதும் பயிராகின்றன. அந்நன்னீரோ மழையால் ஊறி, கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதப்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். இறைத்த நீரின் ஒரு பங்கு பசளையையும் சுமந்துகொண்டு அக்கிணற்றுக்கே திரும்புகின்றது என்பதைத்தான் பலர் எண்ணுவதில்லை.

மணல் நைதரசனைப் பிடித்துவைப்பதில்லை. யூரியாவாக இட்டது சில நாட்களில் நைத்திரேற்றாக மாறி, இறைப்பு நீரோடும் மழையோடும் கீழிறங்கும். 1980ஆம் ஆண்டுகள் முதலாக நடந்த ஆய்வுகளில், இங்குப் பயிர்நிலக் கிணறுகள் பலவற்றின் நைத்திரேற்று, உலக சுகாதார தாபனம் குடிநீருக்கு வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இத்தகைய நீரிற் கைக்குழந்தைகளுக்குப் பால்மாக் கரைப்பது ஆபத்து. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

ஆதலின், சேதனப் பயிர்ச்செய்கையையும் இரசாயனப் பயிர்ச்செய்கையையும் ஒரு போக விளைச்சலை மட்டும் நிறுத்துப் பார்த்து ஒப்பிடுதல் பொருந்தாது. மணலிற் கலந்த கூட்டெரு ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும், இறைப்புக் குறையும், நீர்ப்பம்பிக்கு ஆகும் எண்ணெயும் குறையும். இவ்வூதியம் சந்தைச் சிட்டையில் தோன்றாது.

மறுபக்கமும் உண்டு. வெப்பமான மணலில் எரு விரைவில் உக்கி மறைவதால் மீண்டும் மீண்டும் இடவேண்டும். ஏற்றுக்கூலியும் ஆட்கூலியும் சிறிதல்ல. சாதாரணச் சந்தையில் சேதன மரக்கறிக்குத் தனிவிலை கிடைப்பதும் அரிது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டபோது, போதிய மாற்றெரு இல்லாமல் நாடெங்கும் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இனி, கோழியெருவை வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டுத் தாம் சேதன முறையினர் என்று அமைதிகொள்வோரும் உளர். அதன் நைதரசனும் அதே கிணற்றுக்குத்தான் இறங்கும்.

இந்நிலத்துக்கு ஏற்றது, கூட்டெருவை அடிக்கட்டாக இட்டு, இரசாயனப் பசளையைப் போகத்துக்குப் போகம் குறைத்து, இடுவதையும் சிறு சிறு பங்காகப் பிரித்து இடுதலே. பெருமழை வரும் நாளில் மேற்கட்டுப் பசளை இடுவது பணத்தை மணலில் ஊற்றுவதாகும். சொட்டு நீர்ப்பாசனம் அமைக்க வசதியுள்ளோர் அதனை மேற்கொள்ளலாம். வீட்டுக் கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதிப்பித்தலும் வேண்டும். குடிநீரை வெளியே விலைக்கு வாங்கும் குடும்பம், கணக்குப் புத்தகத்தில் விதை, பசளை, கூலி என்பவற்றின் கீழே அச்செலவையும் எழுதிப் பார்க்கட்டும்.