மாப்பிள்ளையின் சம்பளம் தெரியும், மணமகளின் விசா தெரியுமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வரன் என்று தரகரோ திருமணத் தகவல் மையமோ சொன்னதும் பெண் வீட்டார் விசாரிப்பவை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த கம்பெனி, ஆண்டுக்கு எத்தனை டாலர், எந்த மாநிலம், சொந்த வீடா வாடகையா, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், ஜாதகம் பொருந்துகிறதா. தெரிந்தவர் யாராவது டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருந்தால் அவர் மூலம் பையனின் பழக்கவழக்கமும் விசாரிக்கப்படும். இதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் நம் பெண் எந்த விசாவில் போகிறார், அந்த விசாவை வைத்துக்கொண்டு அவர் அங்கே என்னென்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் எழுவதில்லை. புது நாட்டில் காலூன்றுவது ஒருவருடைய பொறுமையையும் சாமர்த்தியத்தையும் பொறுத்தது என்று நம்புகிறோம். போன இடத்தில் ஒட்டாமல் தவிக்கும் பெண்ணுக்குத் தொலைபேசியில் நாம் சொல்லும் ஆறுதல், போகப் போகப் பழகிவிடும் என்பது. பழகுவதற்கே சட்டம் இடம் கொடுக்க வேண்டும். அது இடம் கொடுக்காத இடத்தில் பொறுமையைப் போதிப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா போகும் நம் இளைஞர்களில் பலர் எச்1பி விசாவில் போகிறவர்கள். 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் உருவான அந்த விசா, ஆண்டுக்கு 65,000 பேருக்கும், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்த கூடுதல் 20,000 பேருக்கும் என்று அளவிட்டுத் தரப்படுகிறது. அந்த விசா பெற்றவரின் கணவனோ மனைவியோ, 21 வயது நிறையாத பிள்ளைகளோ போவது எச்4 விசாவில். எச்4 வைத்திருப்பவர் அங்கே வசிக்கலாம், படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. சென்னையில் செய்த வேலையையே மடிக்கணினியில் அங்கிருந்து தொடரலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்க மண்ணில் அமர்ந்து செய்யும் வேலை விசா விதியை மீறியதாகக் கருதப்படும் ஆபத்து உண்டு என்பதால் வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் இறங்கவே கூடாது. வேலை அனுமதி இல்லாதவருக்கு சோசியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைக்காது. வருமான வரிக் கணக்குக்காக வேறொரு எண் வாங்கலாம், அது வரிக்கு மட்டும்தான் உதவும். கடன் வரலாறு, வாடகை ஒப்பந்தம், செல்போன் இணைப்பு என்று அந்த நாட்டில் ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டும் பலவும் சோசியல் செக்யூரிட்டி எண்ணைச் சுற்றித்தான் பின்னப்பட்டிருக்கின்றன.

இது அன்றாட வாழ்வில் எப்படி வந்து இடிக்கிறது என்பதற்கு டிரைவிங் லைசென்ஸ் ஒன்று போதும். நியூயார்க் போன்ற சில நகரங்களை விட்டால், அமெரிக்காவின் பெரும்பகுதியில் கார் ஓட்டத் தெரியாதவர் பால் பாக்கெட் வாங்கக்கூட இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டும். நம் ஊரைப் போலத் தெருமுனையில் அண்ணாச்சி கடை கிடையாது, ஷேர் ஆட்டோ கிடையாது, பல புறநகர்களில் பேருந்தே கிடையாது. லைசென்ஸ் வாங்கப் போனால் பாஸ்போர்ட், எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு, விசா ஒப்புதல் கடிதம் ஆகியவற்றோடு, பல மாநிலங்களில் முகவரிக்கு இரண்டு சான்றுகள் கேட்பார்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கிக் கடிதம் எல்லாம் கணவர் பெயரில் இருக்கும். மூன்று மாதமாக அந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம், அந்த முகவரியில் தான் வசிப்பதற்கான தாள் ஒன்றுகூட இருக்காது. சில மாநிலங்களில், சோசியல் செக்யூரிட்டி எண் பெறத் தகுதியில்லை என்று அந்த அலுவலகமே எழுதித் தரும் கடிதத்தையும் கொண்டுபோக வேண்டும். இத்தனைக்குப் பிறகு கிடைக்கும் லைசென்ஸின் ஆயுள் பெரும்பாலும் அவருடைய ஐ-94 தேதியோடு முடிந்துவிடும். கணவரின் விசா நீட்டிப்பு தாமதமானால் மனைவியின் கார் வாசலில் நிற்கும். இதில் அவருடைய குணத்துக்கோ முயற்சிக்கோ என்ன குறை? வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் முதல் நாளிலேயே குடித்தனக்காரராகச் சேர்த்திருந்தால், மின் இணைப்பை அவர் பெயரில் வாங்கியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். அதைச் செய்யக் கணவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் வருத்தம்.

எச்4இல் போனாலும் வேலைக்கு அனுமதி வாங்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வாங்கலாம், எல்லோரும் அல்ல. ஒபாமா ஆட்சியில் 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கணவரின் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு ஒப்புதல் பெற்றிருந்தாலோ, அந்த நடைமுறை நிலுவையில் இருப்பதால் ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி அவருடைய எச்1பி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ மனைவி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியர்கள், ஏறக்குறைய அதே விகிதத்தில் பெண்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் மீண்டும் தொழிலுக்கு வந்தது இந்த விதியால்தான். ஆனாலும் அந்த அனுமதி எப்போதும் நூலில் தொங்கிக்கொண்டே இருந்தது. விதி வந்த ஆண்டிலேயே அதை எதிர்த்து வழக்குப் போடப்பட்டது. டிரம்பின் முதல் ஆட்சிக்காலத்தில் விதியை நீக்கப்போவதாக அறிவித்து, நீக்காமலேயே நான்கு ஆண்டுகள் ஓடின. அந்த வழக்கை விசாரணைக்கு எடுக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது 2025 அக்டோபரில்தான். அதே மாத இறுதியில், புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களின் அட்டைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த கால நீட்டிப்பை அமெரிக்க அரசு நிறுத்தியது. உரிய நேரத்தில் விண்ணப்பித்திருந்தாலும், பழைய அட்டை காலாவதியாகும் முன் புதியது கைக்கு வரவில்லை என்றால் வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான்.

வேறு விசாக்களோடும் நாடுகளோடும் ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒரே நிறுவனத்தின் சென்னைக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு எல்1 விசாவில் மாற்றப்படுகிறவரின் மனைவி எல்2 விசாவில் போகிறார். 2021 நவம்பர் முதல் அவருக்குத் தனி அட்டை இல்லாமலேயே வேலை பார்க்கும் உரிமை இருக்கிறது. ஜெர்மனியில் புளூ கார்டு என்ற வேலை அனுமதி பெற்றவரின் மனைவிக்கும் வேலை பார்க்கத் தடையில்லை. சிங்கப்பூரில் கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்து வசிப்பவர்கள் ஒப்புதல் கடிதம் ஒன்றின்பேரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2021 மே முதல் அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. கனடா 2025 ஜனவரியில் துணைவர்களுக்கான திறந்த வேலை அனுமதியைக் குறிப்பிட்ட சில பணிப் பிரிவுகளில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. அதே பெண், அதே படிப்பு, அதே கணவர். போகும் நாடோ விசாவின் ஓர் எழுத்தோ மாறினால் அவர் காலையில் எழுந்து அலுவலகம் போவதும் வீட்டுக்குள் இருப்பதும் மாறுகிறது.

நாம் இதில் கவலைப்படக் கூடுதல் காரணம் இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதமாக இருந்தபோது தமிழ்நாட்டின் விகிதம் 47 சதவீதம். இதில் நம் பெண்கள் ஆண்களுக்குப் பின்னால் நிற்கவில்லை. நகையை அடகு வைத்தும் கல்விக் கடன் வாங்கியும் பெண்ணைப் படிக்க வைத்த குடும்பங்கள் இவை. நாலு வருடம் பி.இ. படித்து, ஓ.எம்.ஆர். சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்து, தன் சம்பளத்தில் வீட்டுக் கடனுக்கும் தம்பி படிப்புக்கும் கொடுத்துவந்த ஒரு பெண், செலவுக்கு ஒவ்வொரு டாலரையும் கேட்டு வாங்கும் நிலைக்குப் போவதை வெறும் மனப் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் லேசானவை அல்ல. முதலாவது, எத்தனையோ பெண்கள் எச்4இல் போய் நன்றாகத்தானே வாழ்கிறார்கள் என்பது. உண்மைதான். பிள்ளைகளை வளர்ப்பதையே விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. தமிழ்ப் பள்ளிகளில் வார இறுதி வகுப்பு எடுத்து, நூலகத்தில் தன்னார்வலராக இருந்து, தங்களைச் சுற்றி ஒரு சமூகத்தை உருவாக்கியவர்கள் உண்டு. அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. வேலைக்குப் போகலாம், ஆனாலும் போகவில்லை என்று ஒருவர் முடிவெடுப்பதற்கும், போகவே முடியாது என்ற நிலையில் வீட்டிலிருப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. எந்த வாழ்க்கைக்குப் போகிறோம் என்று தெரிந்து சம்மதித்தவருக்கே அந்த வாழ்க்கையில் நிம்மதி கிடைக்கிறது. அங்கே போய் மேற்படிப்பு படிக்கலாமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எச்4இலேயே படித்து முடித்தால், மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் படிப்பை ஒட்டிக் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி கிடைக்காது. அதற்கு எஃப்1 விசாவுக்கு மாற வேண்டும், கட்டணத்துக்குப் பெருந்தொகை வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, இது சில வருடக் கஷ்டம்தான், கிரீன் கார்டு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்தான் தரப்படுகின்றன. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற பொது வரம்பு வேறு. அதனால் இந்தியர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. முதுகலைப் படிப்போ அதற்கு இணையான தகுதியோ உள்ளவர்களுக்கான இரண்டாம் பிரிவில் 2013ஆம் ஆண்டு வரிசையில் சேர்ந்தவர்களின் கோப்புகள் 2025இல்தான் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. இன்று கல்யாணமாகிப் போகும் பெண் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தார் இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயது, எந்தத் தொழிலிலும் ஒருவர் வளரும் வயது. அதைச் சில வருடம் என்று தள்ளிவிட முடியாது.

கணவர் நன்றாகச் சம்பாதிக்கும்போது மனைவி வேலைக்குப் போக என்ன அவசியம் என்பது மூன்றாவது மறுப்பு. மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரையும், கூகுள் 2023 ஜனவரியில் 12,000 பேரையும் வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தன. எச்1பியில் இருப்பவருக்கு வேலை போனால், அடுத்த வேலையைத் தேடவோ ஊருக்குக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள் கிடைக்கும். வீட்டு வாடகை, கார் கடன், பிள்ளையின் பள்ளி எல்லாம் ஒரே சம்பளத்தில் நின்றிருந்தவை. மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தே போய்விடும். ஒற்றைத் தூணில் வீட்டைக் கட்டச் சொல்லும் கொத்தனாரை நாம் வைத்துக்கொள்ள மாட்டோம். மனைவிக்கும் வேலை உரிமை இருக்கும் குடும்பம் இந்த அதிர்ச்சியைச் சற்றுத் தாங்கும். அதனால் இதில் அக்கறை காட்ட வேண்டியவர்கள் பெண் வீட்டார் மட்டுமல்லர், மாப்பிள்ளை வீட்டாரும்தான்.

அமெரிக்கா தன் நாட்டுச் சட்டத்தைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது, அதைக் குறைசொல்ல நாம் யார் என்றும் கேட்பார்கள். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. எந்த நாடும் யாரை வேலைக்கு அனுமதிப்பது என்று தானே தீர்மானிக்கும். 2025 செப்டம்பரில் வெளியிலிருந்து வரும் புதிய எச்1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அந்த அரசு அறிவித்தபோது நம்மால் எதையும் தடுக்க முடியவில்லை. நம் கையில் இருப்பது நம் வீட்டு முடிவு. நிச்சயதார்த்தத்துக்கு முன் இதையெல்லாம் கேட்டால் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்வார்களே என்று தயங்குகிறவர்கள், சம்பளச் சீட்டைப் பார்க்கக் கேட்டபோது அந்தத் தயக்கம் வரவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நேர்மையான மாப்பிள்ளைக்கு இந்தக் கேள்வி உறுத்தாது. தான் எவ்வளவு பொறுப்பை ஏற்கிறோம் என்று அவரும் சேர்ந்து யோசிக்க அது வழி செய்யும்.

வேலையும் பணமும் அடையாளமும் முழுக்க ஒருவர் கையில் இருக்கும் வீட்டில் கொடுமை நடந்தால், வெளியேறும் வழியும் அவர் கையிலேயே சிக்கிக்கொள்கிறது. கணவரால் துன்புறுத்தப்பட்ட எச்4 மனைவி தனியாக வேலை அனுமதி கோர அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஐ-765வி என்ற விண்ணப்பமே அதற்காக இருக்கிறது. அது இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பக்கத்தில், வெளிநாட்டுத் திருமணப் புகார்களைக் கவனிக்கும் பொறுப்பு 2009 முதல் தேசிய மகளிர் ஆணையத்திடம் இருக்கிறது. இத்தகைய திருமணங்களுக்கு முழுமையான தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது, ஆண்டுதோறும் ஜனவரி 12ஆம் தேதி அயலகத் தமிழர் தினம் கொண்டாடப்படுகிறது. வேலைக்காகப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் அந்தத் துறை, மனைவியாகப் போகிறவர்களுக்கும் ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். எந்த நாட்டில் எந்த விசாவுக்கு என்ன உரிமை என்பதைத் தமிழில் கையேடாகப் போட்டு, ஒவ்வொரு திருமணப் பதிவு அலுவலகத்திலும் வைக்கலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல இது.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரன் பேசும் பெற்றோர் முகூர்த்தம் குறிப்பதற்கு முன் நாலு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். பெண் போகப்போவது எந்த விசா? ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்டதா, ஆகியிருந்தால் அதைத் தெரிவிக்கும் ஐ-797 கடிதத்தைக் காட்ட முடியுமா? வாடகை ஒப்பந்தத்திலும் வங்கிக் கணக்கிலும் பெண்ணின் பெயர் சேர்க்கப்படுமா? பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் அவரிடமே இருக்குமா? பதிலைக் கேட்கும்போது உங்கள் மகளும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.