நகல் இருக்கிறதே என்ற நம்பிக்கை

"பாங்கியில் நம் பணத்தின் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது? அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்துவிட்டால் நம் கதி என்ன?" என்று ஒரு சகோதரி கேட்டு எழுதியிருக்கிறார். "என் வீட்டுக்காரரைக் கேட்டால், 'அதற்கெல்லாம் நகல் வைத்திருப்பார்கள், நீ போய்க் காப்பி போடு' என்கிறார்" என்று ஒரு குறையும் கூடவே இருக்கிறது.

வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. நகல் வைத்திருப்பார்கள். ஆனால் நகல் இருப்பது ஒரு காரியம். ஆபத்துச் சமயத்தில் அது கை கொடுப்பது வேறொரு காரியம். இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் பெரிய பெரிய ஸ்தாபனங்களே விழுந்து எழுந்திருக்கின்றன. ஆகையால் காப்பியைச் சற்று இறக்கி வைத்துவிட்டு, இதைக் கேளுங்கள்.

பழைய காலத்து மண்டிக் கடைகளில் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று சிட்டா, மற்றது பேரேடு. வந்ததும் போனதும் நடந்த வரிசைப்படி முதலில் சிட்டாவில் ஏறும். பிறகு கணக்குப்பிள்ளை ஓய்வாக உட்கார்ந்து, அதை அவரவர் பெயருக்குப் பேரேட்டில் பதிவார். நடுவில் மழை பெய்து பேரேட்டில் இரண்டு பக்கம் நனைந்து போனாலும், சிட்டா இருந்தால் மறுபடி எழுதிவிடலாம்.

டேட்டாபேஸ் என்று இன்று சொல்கிறார்களே, அதுவும் அசல் இந்த ஏற்பாடுதான்! எந்த மாறுதலும் முதலில் சிட்டாவில் ஏறும். அப்புறம்தான் பேரேட்டுக்குப் போகும். இதிலிருந்துதான் 'ஸ்டாண்ட்பை' என்கிற மாற்று டேட்டாபேஸும் பிறக்கிறது. வேறொரு சர்வரில், பெரும்பாலும் வேறோர் ஊரில், இன்னொரு கணக்குப்பிள்ளையை உட்கார்த்தி வைக்கிறார்கள். தலைமைக் கடையின் சிட்டா ஏடுகள் ஒவ்வொன்றாக அவருக்குப் போய்ச் சேரும். அவர் தம்முடைய பேரேட்டில் அப்படியே பதிந்துகொண்டு வருவார். தலைமைக் கடை தீப்பற்றினால், "இனி வியாபாரம் இங்கே!" என்று அவர் பலகையை மாட்டிவிடலாம்.

கேட்க மிக அழகாக இருக்கிறது அல்லவா? தொல்லை எங்கே வருகிறது தெரியுமா? ஏடு கொண்டுபோகும் ஆள் தாமதித்தால் துணைக் கணக்குப்பிள்ளை பின்தங்கிவிடுவார். கொஞ்ச நேரம் பின்தங்கினால் மோசமில்லை, ஓடிப் பிடித்துவிடுவார். ஆனால் தலைமைக் கடையில் இடம் குறைவு. பழைய சிட்டா ஏடுகளை அவ்வப்போது கிழித்துப் போட்டுவிடுவார்கள். துணைக் கணக்குப்பிள்ளை 500-வது ஏட்டில் நிற்கும்போது, அங்கே 600 வரை கிழித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 601-லிருந்து எழுதலாமே என்றால், அது கூடாது. நடுவிலே ஒரு வரவு விட்டுப்போனாலும் ஐந்தொகை பொய்யாகிவிடும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

இந்த வைத்தியத்தில் தேர்ந்தவர்கள் நாடி பிடிக்கும் முறை இது: ஆள் வருகிறானா, வழி அடைத்துக் கிடக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு, அங்கே ஏட்டின் எண் என்ன, இங்கே என்ன என்று ஒப்பிடுவார்கள். அதன்பின், நடுவில் எந்த ஏடு காணவில்லை என்று தேடுவார்கள். காணாத ஏட்டைக் கிடங்கில் தனியாகச் சேர்த்து வைத்திருந்தால், அதைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். கிடங்கில் இல்லையென்றால், சில டேட்டாபேஸ்களில் ஒரு குறுக்கு வழி உண்டு: இன்ன எண்ணுக்குப் பிறகு பேரேட்டில் மாறிய பக்கங்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் துணைப் பேரேட்டில் சேர்ப்பது. அதுவும் இல்லையென்றால், துணைப் பேரேட்டைத் தூர எறிந்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து புதிதாக நகலெடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி வழியில்தான், 2017-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி இரவு, ஒரு பெரிய விபரீதம் நடந்தது.

கிட்லேப் என்று ஒரு ஸ்தாபனம். உலகெங்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் இடம். அவர்களுடைய டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்ற வகை. ஒரு தலைமை, ஒரு துணை. அன்று மாலை வேலைப்பளு திடீரென்று ஏறியது. துணை பின்தங்கியது. அது பிடிப்பதற்குள், தேவையான சிட்டா ஏடுகளைத் தலைமை கழித்துவிட்டது. நாம் மேலே பார்த்த அதே கதை!

துணையைத் துடைத்துவிட்டுப் புதிதாக நகலெடுக்க முயன்றார்கள். நகலெடுக்கும் புரோகிராமோ வாய் திறவாமல் நின்றது. பிழை என்றும் சொல்லவில்லை. நடக்கிறது என்றும் சொல்லவில்லை. உண்மையில், தலைமை அனுப்ப ஆரம்பிக்கட்டும் என்று அது சும்மாக் காத்துக்கொண்டிருந்தது. அந்தச் சங்கதி அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. இரவு நேரம், வேலையை முடித்துக்கொண்டு போகவேண்டிய என்ஜினீயர் ஒருவர், பாவம், இதற்காகவே தங்கியிருந்தார். "துணையின் பெட்டி முழுக்கக் காலியாக இல்லை போலிருக்கிறது, அதனால்தான் நகல் இறங்கவில்லை" என்று எண்ணினார். அழிக்கும்படி கட்டளையிட்டார்.

ஒன்றிரண்டு விநாடி சென்றது. அவர் திடுக்கிட்டார். கட்டளை போனது துணைக்கு அல்ல, தலைமைக்கு!

உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் ஏறக்குறைய 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியிருந்தது. துணையை ஏற்கனவே துடைத்தாகிவிட்டது, தலைமையும் போயிற்று.

"போகட்டும், பேக்கப் இருக்குமே?" என்பீர்கள். அவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். தினமும் ஒரு முழு நகல் எடுத்து வெளியே ஒரு கிடங்குக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. கிடங்கைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒன்றுமே இல்லை! டேட்டாபேஸ் 9.6 என்ற பதிப்பு. நகலெடுக்கும் கருவியோ 9.2. இரண்டும் ஒத்துப்போகாமல் கருவி தினமும் பிழை காட்டி நின்றுபோயிருந்தது. பிழையைத் தெரிவிக்க ஈமெயில் போனதே என்றால், அந்தக் கடிதங்களில் சரியான முத்திரை இல்லையென்று வாங்கும் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டது. நெருப்புப் பிடித்தால் அடிக்கவேண்டிய மணியின் நாக்கே அறுந்து கிடந்த கதை! டிஸ்க்கையே படம்பிடித்து வைக்கும் இன்னொரு முறை மற்ற சர்வர்களுக்கு இருந்தது. டேட்டாபேஸுக்கு மட்டும் போட்டிருக்கவில்லை. மற்ற பேக்கப் ஏற்பாடுகள் இருக்கின்றனவே என்ற தைரியம்தான்!

கடைசியில் காப்பாற்றியது ஒரு தற்செயல். அதே என்ஜினீயர், விபத்துக்குச் சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காகத் தம் கையாலேயே டேட்டாபேஸின் ஒரு பிரதியை எடுத்து வைத்திருந்தார். வழக்கமாக அது 24 மணிக்கு ஒரு முறைதான் எடுக்கப்படும். வேகம் குறைந்த டிஸ்க்கிலிருந்து அந்தப் பிரதியைத் தலைமைக்குக் கொண்டுவரவே பல மணி நேரமாயிற்று. மறுநாள் மாலை, சர்வதேச நேரப்படி 6 மணி சுமாருக்கு, கடை மறுபடி திறந்தது.

புரோகிராம்கள் வேறிடத்தில் இருந்ததால் பிழைத்தன. ஆனால் அந்த 6 மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 புதுத் திட்டங்களின் விவரங்கள், 5,000 குறிப்புகள், 700 புதுக் கணக்குகள் போனவை போனவைதான்.

ஆனாலும் அந்த ஸ்தாபனம் ஒரு நல்ல காரியம் செய்தது. எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் ஊரறிய நடத்திக் காட்டியது. பின்னர் வெளியிட்ட அறிக்கையில் அந்த என்ஜினீயரின் பெயரைப் போடவில்லை. எந்த ஏற்பாடு தவறியது என்பதைத்தான் வரிசையாக எழுதியது. ஒருவன் தலையில் பழியைப் போட்டுவிட்டால், அறுந்த மணியை யார் கட்டுவது?

இதற்கு நேர்மாறான இன்னொரு சிக்கலும் உண்டு. துணை ரொம்பச் சுறுசுறுப்பாக இருந்துவிட்டால்? 2018-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, கிட்ஹப் என்ற ஸ்தாபனத்தில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தொடர்பு அறுந்தது. வெறும் 43 விநாடிதான். அதற்குள் மேற்குக் கரையில் இருந்த துணைகள் தலைமைப் பட்டம் கட்டிக்கொண்டன. கிழக்கே கடைசியாகப் பதிவான சில வரவுகள் மேற்கே போய்ச் சேரவில்லை; மேற்கே புதிதாக ஏறியவை கிழக்கே இல்லை. ஒரே கடைக்கு இரண்டு பேரேடு, இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு! அவர்கள் அவசரப்படவில்லை, கணக்கு நேராவதே முக்கியம் என்று தீர்மானித்தார்கள். 43 விநாடிப் பிளவைச் சீராக்க 24 மணி 11 நிமிஷம் ஆயிற்று.

இனி, சகோதரியின் கேள்விக்கு வருவோம். துணை என்பது கண்ணாடியைப் போன்றது. தலைமை செய்வதையெல்லாம் அதுவும் செய்யும். தலைமையில் ஒரு கணக்கைத் தவறி அழித்தால், மறு நிமிஷம் துணையும் அழித்துவிடும். அதனால்தான் துணை வேறு, பேக்கப் வேறு என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கும்படி ஒரு துணையையும் வைத்துக்கொள்கிறார்கள். தப்பு நேர்ந்தால், அது அங்கே போய்ச் சேருமுன் தடுக்கலாமே! எல்லாவற்றுக்கும் மேலாக, நகலிலிருந்து ஒரு முழுப் பேரேட்டை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையை அவ்வப்போது நடத்துகிறார்கள். மீட்டுப் பார்க்காத நகல் வெறும் நம்பிக்கைதான்.

இது நம் வீட்டுக்கும் பொருந்தும். குழந்தையின் முதல் நடை, சீமந்தம், காலமான மாமியாரின் கடைசிப் பொங்கல் எல்லாம் இன்று போனில் இருக்கின்றன. "கூகுளில் தானாக ஏறிவிடுகிறதே!" என்று நிம்மதியாக இருக்கிறோம். அது துணைதான், ஞாபகமிருக்கட்டும். இடம் போதவில்லை என்று போனில் ஒரு படத்தை அழித்தால், பல சமயம் மேலேயும் அழிந்துவிடும். குப்பைத்தொட்டியில் சில வாரங்கள் கிடந்து, பிறகு அடியோடு மறையும்.

ஆகையால் ஒரு சிறிய ஹார்டு டிஸ்க் வாங்கி, வேண்டிய படங்களை அதில் தனியாகப் பிரதி எடுங்கள். மேலே தேதி ஒட்டுங்கள். கூடுமானால் அதைப் பிறந்த வீட்டிலோ தங்கை வீட்டிலோ வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து, நாலு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எதையாவது அழிக்கும் முன், கையில் இருப்பது எது, பிரதி எது என்று இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த வேலையை வீட்டுக்காரரிடமே ஒப்படைக்கலாம். காப்பி வரும் வரையில் அவரும் சும்மாத்தானே உட்கார்ந்திருக்கிறார்!