இருளர் வீட்டுப் பையனுக்கு இல்லம்தானா?

நம் பக்கத்தில் திருட்டு என்றாலே பலருக்கும் இருளர் குடியிருப்பின் மேல்தான் சந்தேகம். பையன் தப்பே செய்திருந்தாலும் செங்கல்பட்டு இல்லத்தில்தான் அடைக்க வேண்டுமா? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 18ஆவது பிரிவைப் பாருங்கள். கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், தகுதியான பெரியவர் பொறுப்பில் விடலாம்.

அந்தப் பெரியவர் இருளராகவே இருக்கட்டும் என்பேன். ஆளா இல்லை? பாம்புத்தோல் வியாபாரம் தடைப்பட்டுப் பிழைப்புப் போனவர்கள், 1978இல் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்தே தயாராகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வந்ததே! (பையன் பாம்பைத் தொட வேண்டாம், மூலிகை கற்றால் போதும்.)

இளைஞர் நீதிக் குழுமத்தில் போய் இதைக் கேட்க ஆள் வேண்டும். பென்ஷன் வாங்குகிற நமக்கு நேரமா இல்லை?