கிண்ணம் காலியாகணும்னு யார் சொன்னது?

போன மாசம் எங்க வீட்டுத் திண்ணையில ஒரு சண்டைங்க. வரப்புத் தகராறு இல்லை, வாய்க்கால் தண்ணித் தகராறும் இல்லை. ஒரு எவர்சில்வர் கிண்ணத்துல மிச்சம் கிடந்த ராகிக் கூழுக்காக அம்மாளும் மகளும் போட்ட சண்டை.

மக பெங்களூருல கம்பெனி வேலையில இருக்கா. ஏழு மாசப் பேரனைத் தூக்கிட்டுப் பத்து நாள் வந்திருந்தா. பேரன் நாலு வாய் கூழை நல்லா வாங்கினான். அஞ்சாவது வாய்க்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, வாசல்ல மேயற கோழியைப் பார்த்துச் சிரிச்சான். "அரைக் கிண்ணமாவது உள்ள போகோணும். இது காக்கா குடிச்ச மாதிரி"ன்னு என் வீட்டுக்காரம்மா சொன்னா. மக செல்போனைத் திறந்து ஒரு அட்டவணையைப் பார்த்தா. "ஒரு வேளைக்கு நூத்தி இருபது மில்லி போகணும்மா. முப்பது கூடப் போகலையே"ன்னு அவளுக்கும் கவலை.

பையன் இன்னும் சாப்பிடணும்ங்கறதுல ரெண்டு பேருக்கும் ஒரே கருத்துதான். சண்டை, எப்படி உள்ள தள்றதுங்கறதுல. காலை நீட்டிப் படுக்க வெச்சுச் சங்குல ஊத்தலாம்னு அம்மா. போன்ல பாட்டுப் போட்டா தானா வாயைத் திறப்பான்னு மக. கடைசியில அம்மா காலை நீட்டி உட்கார்ந்துட்டு என்னைக் கூப்பிட்டா: "ஏனுங்க, செத்த வந்து பையன் கையைப் பிடிங்க."

நான் பிடிக்கலை. பிடிக்க மாட்டேன்னுட்டேன். முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு தடவை பிடிச்சதுக்கு இன்னும் மனசு ஆறலை.

என் மூத்த பையன் அப்ப ஏழு மாசம். மஞ்சக்காட்டுல களையெடுப்பு. காலையில எட்டு மணிக்குள்ள காட்டுல இருக்கோணும். குழந்தை வயிறு நிறைஞ்சாத்தான் தூளியில தூங்கும், தூங்கினாத்தான் வேலை நடக்கும். அதனால தினமும் அரிசிக் கஞ்சியைச் சங்குல எடுத்து ஊத்தறது பழக்கம். அவ காலை நீட்டிப் படுக்க வெப்பா, நான் ரெண்டு கையையும் பிடிச்சுக்குவேன். அழ வாயைத் திறந்தா ஒரு சங்கு. எல்லா வீட்லயும் அப்படித்தான் நடந்துச்சு, நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். ஒரு நாள் அவன் அழுதுட்டே இழுத்த மூச்சோட கஞ்சியும் உள்ள போயிருச்சு. இருமினான், மூஞ்சி கறுத்துப் போச்சு. கொஞ்ச நேரத்துல சரியாயிட்டான்னு நெனச்சோம். ராத்திரி காய்ச்சல், நெஞ்சு பட்டு பட்டுன்னு அடிக்குது. டவுனுக்குத் தூக்கிட்டு ஓடினோம். "கஞ்சி நுரையீரலுக்குப் போயிருக்குங்க. யாரு இப்படி ஊத்துனது?"ன்னு டாக்டர் கேட்டாரு. நான் பதில் சொல்லலை. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். இப்ப அவனுக்கே ரெண்டு பசங்க, நல்லா இருக்கான். ஆனா அந்தச் சின்னக் கை என் கைக்குள்ள திமிறினது எனக்கு மறக்கலைங்க. போதும்னு சொல்ல அவனுக்கு அந்தக் கை மட்டும்தான் இருந்துச்சு. அதைத்தான் நான் பிடிச்சு வெச்சிருந்தேன்.

அதனால இந்த விசயத்துல என் கருத்து இதுதான். என்ன சாப்பாடு, எவ்வளவு கெட்டி, எந்த நேரம், இதெல்லாம் பெரியவங்க முடிவு. எத்தனை வாய்ங்கறது குழந்தையோட முடிவு. அதுல நமக்கு வேலை இல்லை.

கேட்டா, "அப்ப அளவே இல்லையா"ம்பாங்க. இருக்குங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கைச் சொல்றேன். ஆறு மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டும். அதுக்கப்புறம் ஒரு வேளைக்கு ரெண்டு மூணு மேசைக்கரண்டியில ஆரம்பிக்கணும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை. மெதுவாக் கூட்டி, 250 மில்லி கப்புல பாதி வரைக்கும் வரலாம். ஒன்பது மாசத்துல இருந்து அதே அரைக் கப், மூணு நாலு வேளை. ஒரு வயசுக்கு மேல முக்கால் கப்புல இருந்து ஒரு கப். இது எல்லாக் குழந்தைக்கும் பொதுவாப் போட்ட வழிகாட்டி. எங்க பையன் நாலு வாய் சாப்பிட்டான்னா அதுவே ரெண்டு மேசைக்கரண்டிக்கு வந்துருக்கும். ஆரம்பத்துல இருக்கறவனுக்கு அது குறைச்சலே இல்லை. போன்ல வந்த நூத்தி இருபது மில்லி, போகப் போக வந்து சேர வேண்டிய இடம். மக அதை முதல் நாளே கட்ட வேண்டிய வரி மாதிரி எடுத்துக்கிட்டா.

இன்னொண்ணும் இருக்கு. தாய்ப்பால் குடிக்கற 6 முதல் 8 மாசக் குழந்தைக்குக் கரண்டிச் சாப்பாட்டுல இருந்து தேவைப்படறது ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோ கலோரி. மீதி, ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு, பால்லயே கிடைச்சுரும். ஒன்பதாம் மாசத்துக்கு மேல சுமார் 300, ஒரு வயசுக்கு மேல சுமார் 550. அதனாலதான் அங்கன்வாடியில இதுக்கு 'இணை உணவு'ன்னு பேரு. பாலுக்கு இணையாப் போறது, பாலுக்குப் பதிலா வர்றது இல்லை.

எங்க கட்டுத்தரைக்கு வந்து பாருங்க. கன்னுக்குட்டி பொறந்து ரெண்டு வாரத்துல தாய் பக்கத்துல நின்னு ஒரு புல்லை இழுக்கும், துப்பும், மறுபடி இழுக்கும். அப்படிக் கொறிக்கக் கொறிக்கத்தான் அதோட அசைபோடற வயிறு வளரும். எந்த விவசாயியும் கன்னு வாயைப் பொளந்து புல்லைத் திணிக்க மாட்டான். பாலைக்கூட அளவுக்கு மீறி விட்டா கழிச்சல் வந்துரும்னு தெரியும். மாட்டுக்குத் தெரிஞ்சு நடந்துக்கற நாம, நம்ம குழந்தைக்கு வரும்போது மட்டும் ஏன் நம்ப மாட்டேங்கறோம்?

இதை ஒரு டாக்டரம்மா சோதிச்சே பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல கிளாரா டேவிஸ்னு ஒரு குழந்தை மருத்துவர், 1926ல தொடங்கினாங்க. பால் மறந்துட்டு இருந்த 15 குழந்தைகள். தட்டுல தானியம், காய், பழம், முட்டை, இறைச்சி, பால்னு எல்லாம் தனித்தனியா வெச்சுருவாங்க. குழந்தை கை நீட்டினாத்தான் செவிலியர் கரண்டியை எடுக்கோணும். தின்னுன்னும் சொல்லக்கூடாது, போதும்னும் சொல்லக்கூடாது. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாத் தின்னுச்சு, ஆனா எல்லாமே நல்லா வளர்ந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. அந்தத் தட்டுல சர்க்கரை கலந்த பண்டம் எதுவுமே இல்லை. அளவைத்தான் குழந்தைகிட்ட விட்டாங்க, தட்டுல என்ன இருக்கணும்ங்கறதைப் பெரியவங்கதான் முடிவு பண்ணினாங்க.

வற்புறுத்தாதீங்கன்னா பட்டினி போடுங்கன்னு அர்த்தம் இல்லை. நம்ம நாட்டுல நிலைமை நல்லா இல்லைங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, 6 முதல் 23 மாசக் குழந்தைகள்ல போதுமான உணவு கிடைக்கறது நூத்துக்குச் சுமார் 11 பேருக்குத்தான். ஆனா அந்த ஆய்வு கிண்ணத்தோட அளவைப் பார்க்கலை. எத்தனை வகை, எத்தனை வேளைன்னுதான் கேட்டுச்சு. நாமதான் அதையெல்லாம் விட்டுட்டுக் கிண்ணத்தையே பார்த்துட்டு இருக்கோம்.

ஏழு மாசக் குழந்தையோட வயிறு சின்னது. அதுல தண்ணியாக் கஞ்சியை ஊத்தினா வயிறு நிறையும், உடம்பு ஏறாது. நாங்க ஊத்தினது அதுதான். அன்னிக்கு முழுச் சங்கு உள்ள போயிருந்தாலும் பாதிக்கு மேல வெறும் தண்ணிதான். கரண்டியைச் சாய்ச்சா சட்டுன்னு வழியாத பதம் இருக்கோணும். பருப்பு மசிச்ச சாதத்துல அரைத் தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டா, அளவு கூடாமலே சக்தி கூடும். நல்லா வெந்த முட்டை, மசிச்ச கீரை, முள் எடுத்த மீன், பூசணி, வாழைப்பழம், ஈரல், எது உங்க வீட்டுப் பழக்கமோ அதை ஒண்ணொண்ணா அறிமுகப்படுத்துங்க. ஆறு மாசத்துக்கு மேல உடம்புல சேர்ந்திருந்த இரும்புச் சத்து குறைஞ்சுட்டே வரும், அதனால முட்டை, கறி, பருப்பு முக்கியம்.

ராகியை ஊற வெச்சு, துணியில கட்டி, முளை விட்டதும் காய வெச்சு, லேசா வறுத்து அரைக்கறது எங்க ஆத்தா காலத்துப் பழக்கம். வாசத்துக்காகன்னு நெனச்சுட்டு இருந்தேன். முளைக்கும்போதே மாவுச்சத்து உடைய ஆரம்பிச்சுருது. அதனால மாவு கூடப் போட்டாலும் கூழ் களியாட்டம் இறுகாது. நாலு வாய்லயே அதிகச் சத்து போகும்.

சில விசயத்துல குழந்தையைக் கேக்க வேண்டியதில்லை, நாமதான் கண்டிப்பா இருக்கோணும். ஒரு வயசு வரைக்கும் தேன் வேண்டாம், சேனை தொட்டு வைக்கறதுக்குக்கூட. அதுல இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை, உப்பு சேர்க்க வேண்டாம். டப்பா மாவு வாங்கினா பின்பக்கம் திருப்பிச் சர்க்கரை எவ்வளவுன்னு படிங்க. லீவுக்கு ஊருக்கு வந்தா, நிலக்கடலை காயற வாசல்ல தவழற குழந்தையை விட்டுட்டுப் பேசிட்டு இருக்காதீங்க. முழுக் கடலை தொண்டையில அடைச்சா நிமிசத்துல ஆபத்து.

டவுன்ல இருக்கற நண்பர்கள் சில பேர், "நிலாச்சோறு பத்தி எழுதுங்க, செல்போன் காட்டி ஊட்டறாங்களே இந்தக் காலத்துல"ன்னு கேப்பாங்க. ஒளிக்காமச் சொல்றேன். நிலாவைக் காட்டி அசந்த நேரத்துல ஒரு உருண்டையைத் திணிச்சாலும் ஏமாத்துறது ஏமாத்துறதுதான். போன்ல அது இன்னும் மோசம், அவ்வளவுதான். நிலாவைக் காட்டறவ குழந்தை முகத்தைப் பார்த்துப் பேசுவா, குழந்தையும் அவ முகத்தைப் பார்க்கும். போன் பார்க்கற குழந்தை யாரையும் பார்க்காது, தன் வயித்தையும் கவனிக்காது.

மகளை நான் குத்தம் சொல்லலை. 2017ல திருத்தின சட்டப்படி முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா ஆறு மாசம். குழந்தை முதல் கரண்டியை வாயில வாங்கற அதே வாரத்துல அம்மா ஆபீசுக்குக் கிளம்போணும். அவளுக்கும் எட்டு மணி, அன்னிக்கு மஞ்சக்காட்டுக்குப் போனவளுக்கும் எட்டு மணி. குழந்தைக்கு ஊட்ட அரை மணி நேரம் வேணும், அது ரெண்டு பேர்கிட்டயும் இல்லை. களையெடுக்கறவளுக்கு அந்த 26 வாரமும் இன்னிக்கு வரைக்கும் கிடையாது. நாம குழந்தை சாப்பிடலைன்னு சொல்றோம். பாதி நேரம், நமக்குக் காத்திருக்க முடியலைங்கறதுதான் உண்மை.

வீட்டுக்காரம்மாளையும் குத்தம் சொல்ல மாட்டேன். அவ பசி தெரிஞ்சு வளர்ந்தவ. அவளுக்கு மிச்சம் வெச்ச கிண்ணம்னா பாவம். அதனால நான் சொன்னது ஒண்ணுதான்: "கொஞ்சமா வை. வேணும்னா மறுபடி போட்டுக்கலாம்." ரெண்டு கரண்டி வெச்சா ரெண்டு கரண்டியும் காலியாயிரும், பாவமும் இல்லை, சண்டையும் இல்லை.

எப்பக் கவலைப்படணும்? மாசாமாசம் அங்கன்வாடியிலயோ டாக்டர்கிட்டயோ எடை போட்டு அட்டையில குறிங்க. கோடு ஏறிட்டே போனா, இன்னிக்கு நாலு வாய், நாளைக்குப் பத்து வாய்னு இருக்கறது சகஜம். எடை நின்னாலோ இறங்கினாலோ, பால், சாப்பாடு ரெண்டையும் மறுத்தாலோ, மூத்திரம் குறைஞ்சாலோ, சோர்ந்து கிடந்தாலோ, டாக்டரைத்தான் பார்க்கோணும். குறை மாசத்துல பொறந்த குழந்தைக்கும் டாக்டர் சொல்றதுதான் கணக்கு.

மறுநாள் காலையில பேரனை மடியில நிமிர்த்தி உட்கார வெச்சு நான்தான் ஊட்டினேன். ஒரு கரண்டியை முன்னாடி நீட்டிட்டுச் சும்மா இருந்தேன். அவனே முன்னாடி சாஞ்சு வந்து வாங்கினான். ஆறாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கிட்டு என் கையைத் தள்ளிவிட்டான். கரண்டியைக் கீழ வெச்சுட்டேன். கூழ் ஒட்டின கையோட என் மூக்கைப் பிடிச்சு இழுத்தான். அம்மாளும் மகளும் ஒண்ணும் பேசலை. கிண்ணத்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதை அம்மாயி வழிச்சுச் சாப்பிட்டுட்டா.